ஒரு சிக்கன் ஷவர்மாவுக்குள் என்ன இருக்கிறது? பிரித்து எடை போட்டுப் பார்த்த கணக்கு

அக்கா மகன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்: “மாமா, ஷவர்மால புரோட்டீன் நிறைய இருக்குல்ல, தினமும் ஒண்ணு சாப்பிடலாமா?” நான் வாய் திறப்பதற்குள் அக்கா அடுக்களையிலிருந்து, “அது பூரா கொழுப்புடா, அந்தப் பக்கமே போகாத” என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு உண்மை என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் அன்று சாயங்காலம் தெருமுனைக் கடையில் ஒரு சாதாரண சிக்கன் ரோல் வாங்கிவந்து, சாப்பிடாமல், எவர்சில்வர் தட்டில் வைத்துப் பிரித்தோம். பலகாரம் செய்யும்போது மாவு நிறுக்க வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு வீட்டில் இருந்தது. அதில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சத்துக் கணக்கு போட்டுப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். “ஒரு ஷவர்மாவில் எத்தனை கலோரி?” என்று தேடினால் ஒரு இடத்தில் 400 என்று வரும், இன்னொரு இடத்தில் 800 என்று வரும். யாரும் பொய் சொல்லவில்லை. “ஒரு தட்டு கலந்த சாதத்தில் எத்தனை கலோரி?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? தயிர் சாதமா, புளிசாதமா, எவ்வளவு எண்ணெய், வேர்க்கடலை போட்டதா என்று திருப்பிக் கேட்பீர்கள். ஷவர்மாவும் அப்படித்தான். ரொட்டி, கறி, வெள்ளைச் சாஸ், காய், சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவல் என்று நாலைந்து தனித்தனி உணவுகள் ஒரு காகிதத்துக்குள் சுருண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. அதைக் கூட்டினால்தான் மொத்தம் வரும், கடைக்காரரின் கரண்டி ஒரு தரம் கூடப் போனால் மொத்தமும் மாறிவிடும்.

அடுத்தது கலோரி. நாம் சாப்பிடும் உணவு உடம்புக்குக் கொடுக்கும் ஆற்றலை அளக்கும் அளவுதான் அது. உணவில் ஆற்றல் தருபவை முக்கியமாக மூன்று: மாவுச்சத்து, புரதம், கொழுப்பு. மாவுச்சத்து 1 கிராமுக்கு 4 கலோரி, புரதமும் 1 கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு மட்டும் 1 கிராமுக்கு 9 கலோரி. இந்த 4, 4, 9 மட்டும் நினைவில் இருந்தால் போதும், ஷவர்மா என்ன, எந்தச் சாப்பாட்டையும் ஓரளவு மனக்கணக்காகவே எடை போட்டுவிடலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், அதிகம் உடல் உழைப்பில்லாத ஆணுக்குச் சுமார் 2110 கலோரியும் பெண்ணுக்கு 1660 கலோரியும் சொல்லப்பட்டிருக்கிறது. புரதம் ஆணுக்கு 54 கிராம், பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். இது 65 கிலோ ஆணையும் 55 கிலோ பெண்ணையும் வைத்துப் போட்ட கணக்கு.

சரி, தட்டுக்கு வருவோம். ரோல் மொத்தம் 250 கிராம் இருந்தது. காகிதத்தைப் பிரித்ததும் உள்ளே முதலில் கண்ணில் பட்டது சாஸ்தான், கறி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கறியைச் சுற்றியிருந்த ரொட்டியான குபூஸைத் தனியே எடுத்து, உள்பக்கத்தைக் கரண்டியால் நன்றாக வழித்துவிட்டு நிறுத்தால் 70 கிராம். கறித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெந்நீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்து நிறுத்தோம், 90 கிராம். உருளைக்கிழங்கு வறுவல் 25 கிராம். முட்டைக்கோஸும் நாலு துண்டு வெள்ளரி ஊறுகாயும் சேர்ந்து 20 கிராம். இதையெல்லாம் கூட்டி மொத்தத்தில் கழித்தால் மிச்சம் 45 கிராம். அதுதான் மயோனைஸ் என்ற வெள்ளைச் சாஸ். சில கிராம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் விஷயம் புரிய இது போதும்.

குபூஸிலிருந்து தொடங்கலாம். மைதா, ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். இந்த வகை வெள்ளை ரொட்டியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 275 கலோரி. நம் 70 கிராமுக்கு 190 சொச்சம், அதில் மாவுச்சத்து 39 கிராம், புரதமும் 6 கிராம் வந்துவிடுகிறது. கொழுப்பு 1 கிராம்கூட இல்லை. மைதா என்றாலே பலருக்குப் பயம். ஆனால் ஷவர்மாவைப் பொறுத்தவரை குபூஸ் பெரிய குற்றவாளி கிடையாது. வறுவலையும் சேர்த்தால் ரோலின் மொத்த மாவுச்சத்து 50 கிராம் வரும். ஒரு கப் வடித்த சோற்றில் இருப்பதைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். குறை எங்கே என்றால் நார்ச்சத்தில். மைதா குபூஸில் ஒன்றரை கிராம் தேறினால் பெரிய விஷயம்.

இப்போது கறி. சும்மா சொல்லக்கூடாது, ஷவர்மாவில் உருப்படியான பகுதி இதுதான். கம்பியில் குத்தி அடுக்குவதற்குப் பெரும்பாலும் தொடைக்கறியைத்தான் எடுக்கிறார்கள். நெஞ்சுக்கறி மணிக்கணக்கில் அனலில் சுற்றினால் நார் நாராகக் காய்ந்துபோகும், தொடையில் கொழுப்பு இருப்பதால் ஈரப்பதம் நிற்கும். தோல் நீக்கி வெந்த தொடைக்கறி 100 கிராமில் புரதம் 26 கிராம், கொழுப்பு 11 கிராம், கலோரி 210க்குப் பக்கம். அதே அளவு நெஞ்சுக்கறியில் புரதம் 31 கிராம், கொழுப்பு மூன்றரை கிராம், கலோரி 165. தோலோடு வெந்த தொடை என்றால் 250ஐத் தொட்டுவிடும். நம் ரோலில் இருந்த 90 கிராமுக்கு 23 கிராம் புரதமும் 10 கிராம் கொழுப்பும் சுமார் 190 கலோரியும் வைத்துக்கொள்ளலாம். கூடவே நியாசின், பி6 மாதிரியான பி வைட்டமின்கள், செலினியம், பாஸ்பரஸ் எல்லாம் கோழிக்கறியில் நன்றாகவே இருக்கின்றன. இரும்புச்சத்து கொஞ்சம்தான், 100 கிராமுக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல்.

இங்கே புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பச்சைக் கறியின் எடையும் வெந்த கறியின் எடையும் ஒன்றல்ல. 100 கிராம் பச்சைக் கறி வெந்தால் தண்ணீரும் கொழுப்பும் போய் 70, 75 கிராமாகச் சுண்டிவிடும். புரதம் ஆவியாகிப் போவதில்லை, குறுகிய எடைக்குள் செறிந்துவிடுகிறது. அதனால் ஷவர்மாவில் கிடைக்கும் கறியை வெந்த கறிக்கான எண்ணோடுதான் பொருத்த வேண்டும். அக்கா மகன் கைபேசியில் வைத்திருந்த கணக்கில் பச்சைக் கறிக்கான எண்ணைப் போட்டு, புரதம் குறைவாக வருகிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தான்.

அந்தச் செங்குத்துக் கம்பி ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. ஷவர்மா என்ற சொல்லே ‘சுற்றுவது, திருப்புவது’ என்ற பொருளுள்ள துருக்கிச் சொல்லிலிருந்து அரபிக்குப் போனது. கறியைச் செங்குத்தாக அடுக்கி, பக்கவாட்டில் அனல் காட்டி, வெந்த மேல்பாகத்தை மட்டும் சீவி எடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியில் உருவாகி, லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கம் வேரூன்றியது. வளைகுடாவுக்குப் போய்வந்த நம் ஆட்கள் வழியாகவும் கேரளா வழியாகவும் இங்கே வந்தது. இந்த முறையில் மேலே உருகும் கொழுப்பு கீழே வழிந்து அடுத்தடுத்த அடுக்கை நனைத்து, கடைசியில் அடித்தட்டில் சேரும். தட்டில் சேர்ந்தது கறியிலிருந்து கழன்ற கொழுப்பு. அது அங்கேயே நின்றால் நமக்கு லாபம். ஆனால் கடையில் நின்று கவனித்துப் பாருங்கள்: சீவிய கறியை அந்தத் தட்டிலேயே போட்டுப் புரட்டிக் கொத்துவார்கள், சிலர் குபூஸையும் அதில் ஒரு ஒற்று ஒற்றிச் சூடு காட்டுவார்கள். ருசி கூடுகிறது, மறுக்க முடியாது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் கொழுப்பு ஒட்டிக்கொண்டால் 45 கலோரியும் சேர்ந்துகொள்கிறது.

இனி வெள்ளைச் சாஸ். என் கணக்கில் ஷவர்மாவின் மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது.

மயோனைஸ் செய்வதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். மிக்ஸி ஜாரில் ஒரு முட்டை, கொஞ்சம் வினிகர், உப்பு, பூண்டு. ஓடவிட்டு மேலிருந்து எண்ணெயை நூல்போல ஊற்றுவார்கள். முதலில் தண்ணீராகச் சலசலக்கும், எண்ணெய் போகப் போகச் சத்தம் மந்தமாகி, திடீரென்று வெண்ணெய் மாதிரி கெட்டியாகும். ஒரு முட்டைக்கு ஏறக்குறைய ஒரு கப் எண்ணெய் உள்ளே போயிருக்கும். மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரித்துப் பிடித்துக்கொள்வதால் அது எண்ணெய் மாதிரியே தெரியாது. பாலேடு மாதிரி, தயிர் மாதிரி வெள்ளையாக இருக்கும். நாக்கும் கண்ணும் ஏமாறுவது இதில்தான். 100 கிராம் மயோனைஸில் கொழுப்பு 75 கிராம், கலோரி 680.

நம் ரோலில் இருந்த 45 கிராமுக்கு 306 கலோரி, கொழுப்பு 34 கிராம். இரண்டரை டேபிள் ஸ்பூன் சமையல் எண்ணெயைக் குடிப்பதற்குச் சமம். அக்கா மகனுக்கு எண்ணாகச் சொன்னபோது தலையாட்டினான், சின்னக் கிண்ணத்தில் இரண்டரை டேபிள் ஸ்பூன் கடலையெண்ணெயை ஊற்றி அவன் முன்னால் வைத்தபோதுதான் முகம் மாறியது.

இப்போது கூட்டிப் பார்ப்போம். குபூஸ் 192, கறி 189, மயோனைஸ் 306, வறுவல் 78, காய் 5. மொத்தம் 770 கலோரி. புரதம் 31 கிராம், மாவுச்சத்து 50 கிராம், கொழுப்பு 48 கிராம். எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத மயோனைஸ், கலோரியில் 40 சதவீதத்தைத் தனியாளாகப் பிடித்து வைத்திருக்கிறது. கறியும் குபூஸும் சேர்ந்தாலே 380தான். இணையத்தில் 400 என்று போட்டவரும் 800 என்று போட்டவரும் எங்கே பிரிந்தார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆக, புரதம் நிறைய இருக்கிறது என்று பையன் சொன்னது சரி. 31 கிராம் என்பது ஓர் ஆணின் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல். ஆனால் அந்தப் புரதத்தோடு கூடவே வருவது என்ன என்பதுதான் கேள்வி. அதே 31 கிராம் புரதம் ஐந்து அவித்த முட்டையிலும் கிடைக்கும், அங்கே கலோரி 390தான். ஷவர்மாவில் 770. உடம்பு ஏற்ற நினைப்பவருக்கு, நல்ல உழைப்பு உழைப்பவருக்கு இது ஒரு வேளைச் சாப்பாடாகவே சரியாகிவிடும். பிரச்சினை, பெரும்பாலானவர்கள் இதைச் சாயங்காலச் சிற்றுண்டியாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ராத்திரிக்கு நாலு தோசையும் சாப்பிடுகிறார்கள். கூடவே 300 மில்லி குளிர்பானம் குடித்தால் இன்னும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, 120 கலோரிக்கு மேல் என்று அதுவும் கணக்கில் ஏறும். ஷவர்மா சாப்பிட்டால் அது ராத்திரிச் சாப்பாடு, அதற்கப்புறம் வேண்டுமானால் ஒரு பழம். எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான்.

கலோரியைப் பார்ப்பவர்கள்கூட மறந்துவிடுவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியம் என்கிறது. நம் ரோலில் குபூஸிலும் மயோனைஸிலும் மட்டுமே 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் வந்துவிடும். கறியை ராத்திரி முழுக்க ஊறவைத்த மசாலாவில் உப்பு, ஊறுகாயில் உப்பு, வறுவலின் மேலே தூவிய உப்பு என்று ஒவ்வொன்றும் சேரச் சேர, ஒரு நாள் அளவில் பாதியைச் சுலபமாகத் தாண்டிவிடும். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் நான் கலோரியைவிட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். சாப்பிட்டுவிட்டு ராத்திரி தண்ணீர்த் தாகத்தில் எழுந்த அனுபவம் பலருக்கும் இருக்கும், அதற்குக் காரணம் இந்த உப்புதான்.

ஒரு தவறான எண்ணம் பரவிக் கிடக்கிறது. “எக்லெஸ் மயோ” என்று எழுதியிருந்தால் அது உடம்புக்கு லேசானது என்று நினைக்கிறார்கள். முட்டைக்குப் பதில் பாலோ சோயாவோ போட்டிருப்பார்கள், எண்ணெய் அப்படியேதான் இருக்கும். லெபனானில் சிக்கன் ஷவர்மாவோடு கொடுப்பது ‘தூம்’ என்ற பூண்டுச் சாஸ். பூண்டு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு, இவ்வளவுதான், முட்டையே கிடையாது. அதிலும் பெரும்பங்கு எண்ணெய்தான், கலோரியில் மயோனைஸுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் பூண்டின் காரம் நாக்கில் சுள்ளென்று ஏறுவதால் கொஞ்சம் தடவினாலே போதும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஷவர்மாவுக்கு அங்கே எள் விழுதில் செய்த தஹினிச் சாஸ் போடுவார்கள். அதுவும் கொழுப்புதான் என்றாலும் எள்ளின் புரதமும் தாதுக்களும் கொஞ்சம் கூட வரும். நம் ஊர் ரோல் மயோனைஸில் மிதப்பது ஷவர்மாவின் பிறவிக் குணம் கிடையாது, இங்கே வந்தபிறகு ஏறிய பழக்கம்.

முட்டை என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். சத்துக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கறி கெட்டதாக இருந்தால் எல்லாம் வீண். 2022 மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயுற்று, ஒரு மாணவி இறந்தார், ஷிகெல்லா பாக்டீரியா இருந்தது உறுதியானது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருவர் ஷவர்மா சாப்பிட்டபின் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று அக்கா அழுதது இன்னும் நினைவிருக்கிறது, அவள் மகனுக்கும் அப்போது கிட்டத்தட்ட அதே வயதுதான். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம், மயோனைஸை வேகவைப்பதே இல்லை. அதனால் கேரளா 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபரிலும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டன. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

கறியைப் பொறுத்தவரை, கம்பியின் வெளிப்பக்கம் வெந்திருந்தாலும் உள்பக்கம் பச்சையாகத்தான் இருக்கும், அந்த முறையே அப்படி. கூட்ட நேரத்தில் அவசரமாக ஆழச் சீவினால் வேகாத கறியும் சேர்ந்து வரும். கோழிக்கறி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டிருக்க வேண்டும். சீவிய கறியை மறுபடி சூடான தட்டில் நன்றாகப் புரட்டித் தருகிற கடை நல்ல கடை. இளஞ்சிவப்பாகத் துண்டு தெரிந்தால் சாப்பிட வேண்டாம், காசு போனால் போகட்டும். அடுப்பை அணைத்துவிட்டு, கம்பியில் மிச்சக் கறியோடு நிற்கிற கடையையும் நான் தாண்டிப் போய்விடுவேன். சாயங்காலம் கம்பி நிறைய இருக்கும்போது, விறுவிறுவென்று விற்றுக்கொண்டிருக்கும் கடையில், வாங்கின இடத்திலேயே சாப்பிடுவது நல்லது. பார்சல் வாங்கி வண்டியில் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடாதீர்கள்.

சரி, அப்படியென்றால் எப்படிச் சாப்பிடுவது? விட்டுவிட வேண்டியதில்லை. கடையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்: “மயோ தனியா கொடுங்க.” ரோலுக்குள் தடவினால் எவ்வளவு என்று நமக்குத் தெரியாது, தனியே கிண்ணத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும், தொட்டுக்கொள்வதும் குறையும். வறுவல் வேண்டாம் என்று சொல்லி, அந்த இடத்தில் காய் கூடக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். சீஸ் துண்டு, இன்னொரு சாஸ் என்று பெயர் நீள நீளக் கலோரியும் நீளும்.

வீட்டில் செய்தால் இன்னும் சுலபம். கம்பியெல்லாம் வேண்டாம். எலும்பில்லாத தொடைக்கறியைத் தயிர், பூண்டு, எலுமிச்சை, மிளகு, பட்டை, ஏலக்காய், உப்பு போட்டு நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டுப் பெரிய துண்டாகவே போட்டு, ஓரம் கருகக் கருகச் சுட்டு, அப்புறம் சின்னதாக நறுக்கிக்கொள்ளுங்கள். மயோனைஸுக்குப் பதில், தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்து, அதில் பூண்டு தட்டிப் போட்டு உப்பும் எலுமிச்சையும் கலந்தால் வெள்ளைச் சாஸ் தயார். 45 கிராம் கட்டித்தயிரில் 45 கலோரிதான். அதே குபூஸ், அதே 90 கிராம் கறி, இரண்டு பங்கு காய், இந்தச் சாஸ் போட்டால் மொத்தம் 440க்குள் முடிந்துவிடும், தயிரின் புரதமும் கூடச் சேர்கிறது. ருசி கடை மாதிரியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். வேறு ருசி. எங்கள் வீட்டில் அக்கா இரண்டு சாப்பிட்டாள்.

போன சனிக்கிழமை அக்கா மகன் அதே கடையிலிருந்து ஒரு ரோல் வாங்கிவந்தான். மயோவைத் தனியே கேட்டு வாங்கியிருந்தான், மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் 45 கிராம் இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, மிச்சத்தோடு அந்தக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, கிண்ணத்தின் எடையைக் கழித்தான். 31 கிராம். ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், “210 கலோரி மிச்சம் மாமா” என்று சொல்லிவிட்டு அதைக் குப்பையில் போட்டான்.